சாட்ஸ்வொர்த்தில் ஓர் ஆர்கன் ஆன்ட்டியின் பியானோ வகுப்பு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்குத் தென்மேற்கே உள்ள சாட்ஸ்வொர்த்தில், தொண்ணூறு வயதை நெருங்கும் ஓர் அம்மையார் தம் வீட்டின் முன்னறையில் பியானோ கற்றுக்கொடுக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவரும் அவரே. என் மகள் சில ஆண்டுகளாக அவரிடம் படிக்கிறாள். அவளைக் கொண்டுபோய் விட்டுக் காத்திருந்த நானும் பின்னர் மாணவராகச் சேர்ந்தேன். பிள்ளைக்குப் பியானோ சொல்லித்தர யாராவது தெரியுமா என்ற கேள்வி இங்குள்ள தமிழ்க் குடும்பங்களிடையே அடிக்கடி எழுவதாலும், கடைத்தொகுதிகளில் புதிது புதிதாகத் திறக்கப்படும் இசைப் பயிற்சி மையங்களோடு இதை ஒப்பிட்டுக் கேட்பவர்கள் பலர் என்பதாலும், இந்த வகுப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். பெயரையும் தெருவையும் வெளியிட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால், எல்லாரும் அழைப்பதுபோல ஆன்ட்டி என்றே இங்கும் குறிப்பிடுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளை இசைத் தேர்வில் ஆண்டுக்கு ஒரு கிரேடு தாண்ட வேண்டும், சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்ட வேண்டும் என்று எண்ணுவோருக்கு இந்த வகுப்பு பொருந்தாது. அவர்கள் வேறு இடம் பார்ப்பதே இரு தரப்புக்கும் நல்லது. பலர் கூடிப் பாடும்போது அந்தப் பாட்டைத் தாங்கிச் செல்லும்படி வாசிக்க வேண்டும், முன்பின் பார்த்திராத தாளை எடுத்து வைத்தாலும் தடுமாறாமல் வாசிக்க வேண்டும் என்று விரும்புவோருக்கு, டர்பனில் இதற்கு நிகரான வகுப்பை நான் கண்டதில்லை. ஆன்ட்டி சொல்லித்தருவது பியானோவே ஆனாலும், அதை அவர் ஆர்கன்காரரின் கண்ணோடும் காதோடும்தான் சொல்லித்தருகிறார். வகுப்பின் நிறை, குறை இரண்டுக்கும் மூலம் அதுவே.

ஆகவே அவர் வாழ்க்கையைச் சிறிது சொல்லாமல் வகுப்பை மதிப்பிட இயலாது. கரும்புத் தோட்ட வேலைக்காக, டர்பன் அடங்கிய நட்டாலுக்குத் தமிழர்களை ஏற்றிவந்த முதல் கப்பலான ட்ரூரோ, சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. இலங்கையில் பணியாற்றித் தமிழ் கற்றிருந்த மெதடிஸ்ட் போதகர் ரால்ஃப் ஸ்டாட் 1862இல் இங்கு வந்து அந்தத் தொழிலாளர்களிடையே ஊழியம் செய்தார். அந்த வழியில் வந்த ஒரு சிறிய சபையில், அப்போது தமிழர்கள் நிறைந்திருந்த கேட்டோ மேனரில், ஆன்ட்டி 1950களில் சிறுமியாக வாசிக்கத் தொடங்கினார். அன்று அவருக்குக் கிடைத்தது ஆர்கன் அன்று. இரு காலாலும் மாறி மாறி மிதித்துக் காற்றூட்ட வேண்டிய கால் ஆர்மோனியம். வழக்கமாக வாசித்து வந்த பெரியவர் நோயில் படுத்துவிட, மிதிபலகைக்குக் கால் எட்டுகிற பிள்ளை யார் என்று தேடியதில் தாம் அகப்பட்டுக்கொண்டதாக அவரே சொல்லிச் சிரிப்பார்.

குடியிருப்புகளை இனவாரியாகப் பிரிக்க 1950இல் இயற்றப்பட்ட குழுவாரிப் பகுதிச் சட்டம் அந்தச் சபையையும் கலைத்தது. 1960களில் கேட்டோ மேனரின் இந்தியக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டு, இந்தியர்களுக்கென்றே அரசு கட்டிய சாட்ஸ்வொர்த்தில் குடியேற்றப்பட்டன. புதிய இடத்தில் தேவாலயக் கட்டடம் எழும்வரை ஆராதனை வீடுகளின் முன்னறைகளில் நடந்தது; ஆர்மோனியமும் வாரந்தோறும் வீடு மாறியது. ஆன்ட்டி பகலில் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்தபடி பியானோவை முறையாகக் கற்றார். தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகமான யூனிசா நடத்தும் இசை ஆசிரியர் உரிமத் தேர்வில் தேறினார். மாலைகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரத் தொடங்கினார். திருமணம், பிள்ளைகள், கணவரின் மறைவு ஆகியவற்றைப் பற்றி அவர் மிகக் குறைவாகவே பேசுவார். தேவாலயத்துக்கு எந்த ஆண்டு எந்த ஆர்கன் வந்தது, அதில் எந்தக் கட்டை முதலில் பழுதானது என்பதைக் கேட்டால் தேதியோடு சொல்வார். எங்கள் சபையில் அவர் வாசித்துத் திருமணம் நடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அவரிடம் படிக்கிறார்கள்.

வகுப்பு நடக்கும் அறை சிறியது. சுவரோரமாக நிற்கும் நிமிர்ந்த வகைப் பியானோ, ஓட்டோ பாக் என்ற பெயரில் தென்னாப்பிரிக்காவிலேயே செய்யப்பட்டது. இந்நாட்டில் பழைய பியானோ தேடுவோர் கண்ணில் அடிக்கடி படும் பெயர் இது. விலையுயர்ந்த கருவி அன்று. ஆனால் நன்றாகப் பேணப்பட்ட கருவி. டர்பனின் கடலோரக் காற்றில் பியானோ வைத்திருப்பவருக்கு அதன் பாடு தெரியும். கோடையில் ஈரம் ஏறி மரமும் உள்ளிருக்கும் கம்பளித் துணியும் உப்பிக் கட்டைகள் ஒட்டிக்கொள்ளும்; தந்திகளில் துரு ஏறும்; சுருதி ஓரிடத்தில் நிற்காது. ஆன்ட்டி பியானோவின் கீழ்ப்பெட்டிக்குள் குறைந்த வாட் மின்விளக்கு ஒன்றை எரியவிட்டிருக்கிறார். அந்தச் சிறு வெப்பம் ஈரத்தைக் குறைக்கும். ஈஸ்டருக்கு முன்பும் கிறிஸ்துமஸுக்கு முன்பும் சுருதி சேர்ப்பவர் தவறாமல் வருகிறார். அப்படியும் உச்ச ஸ்தாயியின் கடைசிக் கட்டைகள் சற்று இறங்கியே ஒலிக்கின்றன. தேவாலயப் பாட்டுக்கு அந்தப் பக்கம் தேவைப்படுவதில்லை என்பது ஆன்ட்டியின் சமாதானம். பெரிய இசைக்கோவைகள் வாசிக்கும் மாணவருக்கு அது போதாது. அதோடு, சாட்ஸ்வொர்த் பேருந்துகள் ஊரறிய அலறவிடும் பாட்டு சன்னல் வழியே வந்து வகுப்பின் நடுவே புகுந்துவிடும். அது கடந்து போகும்வரை தாளம் தவறாமல் வாசிப்பதையும் அவர் ஒரு பயிற்சியாகவே வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

மற்ற வகுப்புகளுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு தொடக்கப் பாடங்களிலேயே புலப்படும். பியானோவின் வலது பெடலைத் தொட நெடுநாள் அனுமதி கிடையாது. அதை மிதித்தால் விரலை எடுத்த பின்னும் ஒலி நீளும். தொடக்க மாணவர் தம் விரல்களின் குறையை அதற்குள் மறைத்துக்கொள்ள முடியும். ஆர்கனில் அந்தச் சலுகை இல்லை. விரல் எழுந்த கணமே ஒலி அற்றுப்போகும். ஆகவே ஒரு கட்டையை அழுத்தியிருக்கும்போதே, ஒலி அறாமல் வேறொரு விரலை அதன்மேல் மாற்றி வைத்து, விடுபட்ட விரலை அடுத்த கட்டைக்கு அனுப்பும் விரல்மாற்று முறையை ஆன்ட்டி வெகு சீக்கிரத்தில் பழக்குகிறார். ஐந்தாம் விரல் பிடித்திருக்கும் கட்டைக்கு நான்காம் விரல் வந்து சேருவதும், கட்டைவிரல் இரண்டு கட்டைகளைச் சறுக்கியே இணைப்பதும் முதலில் கையைக் குழப்பும். குழப்பம் தெளிந்தபின் பெடல் இல்லாமலே பாட்டு இழையாக ஓடும். அதற்குப் பிறகுதான் பெடல் அனுமதி. அப்போது மாணவர் அதைத் தேவையான இடத்தில் மட்டும் மிதிப்பார்.

அடுத்தது நான்கு குரல் வாசிப்பு. சபையார் கூடிப் பாடும் பாமாலைப் பாட்டுகள் சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பாஸ் என்ற நான்கு குரல்களுக்கு எழுதப்பட்டவை. பெரும்பாலான பியானோ வகுப்புகளில் வலக்கை மெட்டும் இடக்கை துணையுமாகப் பழகுவதால், நான்கு இழைகளும் தனித்தனியே நகர்வதைக் காண மாணவருக்குக் கண் பழகுவதில்லை. ஆன்ட்டி ஒவ்வொரு குரலையும் தனியே வாசிக்கவைத்து, பிறகு இரண்டிரண்டாகச் சேர்க்கவைத்து, ஒரு குரலைப் பாடிக்கொண்டே மற்ற மூன்றையும் வாசிக்கச் சொல்கிறார். என் மகள் டெனரைப் பாடிக்கொண்டு மற்றவற்றை வாசிப்பதைக் கேட்டபோது, இந்த வகுப்புக்குக் கொடுக்கும் கட்டணம் வீணாகவில்லை என்று உறுதிப்பட்டது.

ஒரே சுரம் அடுத்தடுத்து வரும் இடங்களை அவர் கையாளச் சொல்லும் முறையும் ஆர்கனிலிருந்து வந்ததே. எல்லாக் குரல்களிலும் அந்தச் சுரத்தைத் திருப்பித் திருப்பி அடித்தால் பாட்டு துண்டுதுண்டாகும். எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாலோ அடுத்த சொல் எங்கே தொடங்குகிறது என்று பாடுபவருக்குத் தெரியாது. மேற்குரலைச் சொல்லுக்கேற்பத் திருப்பி அடித்து, உட்குரல்களில் சுரம் மாறாத இடங்களில் விரலை எடுக்காமல் பிடித்திருக்க வேண்டும். அடி முடியும் இடத்தில் எல்லா விரல்களும் ஒன்றாக எழ வேண்டும். எழுந்திருக்கும் நேரம் ஒவ்வொரு சரணத்துக்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் சபை மூச்சு வாங்குகிறது. அதைக் குறைத்தால் முதியவர்கள் பின்தங்குவர், கூட்டினால் முன்வரிசைக்காரர் முந்திவிடுவர். இதை அவர் விதியாகச் சொல்வதில்லை. வாசித்துக்கொண்டே பாடச் சொல்வார். மூச்சுக்கு இடம் விடாதவர் தாமே திணறி நிறுத்திவிடுவார்.

நிறுத்துவது பற்றி அவருக்கு ஓர் ஒழுங்கு உண்டு. வகுப்பின் முற்பாதியில் எத்தனை முறை வேண்டுமானாலும் நின்று திருத்தலாம். பிற்பாதி தொடங்கும்போது, “இப்போ சபை வந்தாச்சு” என்பார். அதன்பின் எந்தச் சுரம் பிசகினாலும் திரும்பிப் போகக் கூடாது. உட்குரலை விட்டுவிடலாம், இடக்கையை விட்டுவிடலாம், மெட்டும் தாளமும் நிற்கக் கூடாது. தவறிய இடத்துக்கு உடனே திரும்பிப் போய்த் திருத்தும் பழக்கம் பியானோ மாணவர் பலருக்கு இருக்கிறது. தனியே பழகுகையில் அது நன்மையே என்றாலும், நூறு பேர் பாடும்போது அது விபத்து.

இதைவிட நுட்பமான பாடம் ஒன்று உண்டு. இசைப் பயிற்சி மையங்களில் இதைச் சொல்லித்தர வாய்ப்பே இல்லை என்று கருதுகிறேன். பெரிய கூட்டம் பாடும்போது அதன் குரல் வாசிப்பவரின் காதுக்குச் சற்றுத் தாமதமாகவே வந்து சேரும். வாசிப்பவர் அதைக் கேட்டு, சபை பின்தங்குகிறது என்று எண்ணித் தம் வேகத்தைக் குறைத்தால், சபை அதைக் கேட்டு இன்னும் குறைக்கும். மூன்றாம் சரணத்தில் பாட்டு இழுவையாக இழுக்கும். சபையைக் கேட்க வேண்டும், ஆனால் அதற்காகக் காத்திருக்கக் கூடாது. இதைப் பழக்க ஆன்ட்டி ஒரு வழி வைத்திருக்கிறார்: மாணவர் வாசிக்க, அவர் பின்னால் நின்று வேண்டுமென்றே அரைத்தட்டு தாமதித்துப் பாடுவார். அவர் குரல் இன்று மெலிந்திருக்கிறது. ஆனால் அந்தத் தாமதம் கடிகாரம்போல் பிசகாதது.

சுருதி மாற்றி வாசிப்பதற்கு அவர் நம்பியிருப்பது, சுரங்களை டோ, ரே, மி என்று பெயரிட்டுப் படிக்கும் டானிக் சோல்ஃபா முறையை. இங்கிலாந்தின் சாரா குளோவர் தொடங்கிவைத்ததை ஜான் கர்வன் 1840களில் வளர்த்தெடுத்த முறை இது. மிஷனரிகள் வழியாக இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் சென்றது. தென்னாப்பிரிக்கக் கறுப்பினப் பாடகர் குழுக்களில் பலர் இன்றும் ஐந்துகோட்டுத் தாளைவிட இதைத்தான் சரளமாகப் படிக்கிறார்கள். இதில் டோ என்பது நம் ஷட்ஜத்தைப்போல எந்தக் கட்டையிலும் அமரக்கூடியது. ஆன்ட்டியின் மாணவர்கள் சுரத்தை எழுத்துப் பெயரால் மட்டும் அல்லாமல், ஆதார சுருதியிலிருந்து அது எத்தனையாவது படி என்பதாலும் அறிகிறார்கள். காலை எட்டு மணி ஆராதனையில் தொண்டை திறவாத முதியோருக்காக இ-ஃபிளாட்டில் அச்சிட்ட பாட்டை டி-யில் வாசி என்றால், அவர்கள் தாளை மாற்றி எழுத வேண்டியதில்லை. எண்ம ஆர்கன்களில் சுருதியை மாற்ற ஒரு பொத்தான் இருக்கிறதே என்று நான் கேட்டேன். பொத்தான் பழுதான ஞாயிற்றுக்கிழமைகளும் தம் கணக்கில் உண்டு என்றார்.

இனி, தமிழ் வாசகர்கள் இந்த வகுப்பை ஏன் கவனிக்க வேண்டும் என்பதற்கு வருகிறேன். எங்கள் சபையில் பாடப்படுபவற்றில் பெரும்பகுதி ஆங்கிலப் பாட்டுகளே. தமிழ் பேசுவோர் குறைந்துவிட்டனர். பிள்ளைகள் தமிழ்ப் பாட்டுகளை ஆங்கில எழுத்தில் அச்சடித்த தாளைப் பார்த்துப் பாடுகிறார்கள். ஆயினும் தமிழ்க் கிறிஸ்தவக் கீர்த்தனைகள் நிற்கவில்லை. அவை இராகத்திலும் தாளத்திலும் இயற்றப்பட்டவை. மேற்கத்திய முறையில் மட்டும் பழகிய கை அவற்றைத் தொடும்போது என்ன நேர்கிறது என்பதைப் பல தேவாலயங்களில் கேட்டு வருந்தியிருக்கிறேன். பாடுபவர் ஒரு சுரத்தில் நிற்க, கருவி வேறொரு சுரத்தை அடிக்கும்.

ஆன்ட்டி இராகத்துக்கு ஏற்ப வழி பிரிக்கிறார். சங்கராபரணம் மேற்கத்திய மேஜர் அளவுகோலோடு சுரத்துக்குச் சுரம் ஒத்துப்போவதால், அதில் வழக்கமான மூன்று கார்டுகளை, அதாவது ஒருசேர ஒலிக்கும் சுரக்கூட்டுகளை, வைத்துக்கொள்ளலாம். அரிகாம்போதியில் நிஷாதம் அரைச்சுரம் இறங்கியது. பழக்க தோஷத்தில் பஞ்சமத்தின் மேல் மேஜர் கார்டை வைத்துவிட்டால், இடக்கை மேலிருக்கும் காகலி நிஷாதத்தை அடிக்கும், பாடகர் இறங்கிய கைசிகி நிஷாதத்தைப் பாடுவார். இரண்டும் அரைச்சுர இடைவெளியில் மோதும். அவ்விடத்தில் அந்தக் கார்டைத் தவிர்த்து, இறங்கிய நிஷாதத்தின் மேலேயே ஒரு கார்டை அமைத்து அங்கிருந்து ஷட்ஜத்துக்கு வரச் சொல்கிறார். மாயாமாளவகௌளை இன்னும் கடினம். அதில் ரிஷபமும் தைவதமும் கீழ், காந்தாரமும் நிஷாதமும் மேல். பஞ்சமம், நிஷாதம், ரிஷபம் என்று கார்டு அடுக்கினால் மேலே வரும் ரிஷபம் அரைச்சுரம் குறைந்து நிற்பதால், முடிவுக்கு இட்டுச்செல்லும் அந்தக் கார்டே ஊனப்படுகிறது. ஆகவே அந்த இராகத்துக் கீர்த்தனையில் கார்டு முயற்சியையே கைவிட்டு, இடக்கையில் ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டும் தம்புராபோல நீள, வலக்கையில் மெட்டு மட்டும் செல்ல வேண்டும் என்பது அவர் முறை. கட்டைக் கருவியில் கமகம் வராது. வருவதுபோல் பக்கத்துச் சுரங்களைச் சிணுக்கிக்காட்டுவதும் அவருக்குப் பிடிக்காது. நிற்கும் சுரத்தைத் தெளிவாகக் கொடுத்துவிட்டால் அசைவைக் குரல் பார்த்துக்கொள்ளும் என்பார். கர்நாடக இசையை அவர் யாரிடமும் முறையாகப் பயின்றதில்லை; கேட்டோ மேனரில் கீர்த்தனை பாடிய முதியோருக்கு வாசித்து, அவர்கள் முகம் சுளித்த இடங்களை நினைவில் வைத்துத் திருத்திக்கொண்டது என்கிறார். இசைக் கல்லூரியில் படித்த சிலர் இதே முடிவுகளுக்கு வர எவ்வளவு சுற்றுகிறார்கள் என்பதைப் பார்க்கும்போது, அந்த முகச்சுளிப்புகளின் மீது எனக்கு மரியாதை கூடுகிறது.

தாளத்திலும் அப்படியே. கீர்த்தனையின் பல்லவி பல வேளைகளில் தட்டு விழுந்து சற்றுக் கழித்தே எடுக்கப்படும். பியானோ மாணவர் முதல் தட்டிலேயே தொடங்கிப் பழகியவர். ஆகவே கீர்த்தனை வகுப்பில் பியானோ மூடியைத் திறக்கும் முன், ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையைத் தட்டியும் விரல் எண்ணியும் வீசியும் பாடிக்காட்ட வேண்டும். பதின்ம வயதுப் பிள்ளைகள் முதலில் வெட்கப்படுகிறார்கள். அடுத்த முறை வரும்போது தோழர்களுக்குக் காட்டித்தருகிறார்கள்.

பியானோவில் ஓரளவு தேறியவர்களுக்கு வாரநாள் மாலைகளில் தேவாலயத்திலேயே ஆர்கன் வகுப்பு நடக்கிறது. அங்கிருப்பது குழாய் ஆர்கன் அன்று. இரண்டு கட்டைவரிசைகளும் காலுக்கான பெடல் வரிசையும் கொண்ட மின்னணு ஆர்கன். நம் பக்கத்தில் தெருச் செருப்போடு பெடலில் கால் வைப்பவரைப் பார்த்திருக்கிறேன். ஆன்ட்டியிடம் அது நடக்காது. மெல்லிய அடிப்பாகமும் சிறிய குதிகாலும் கொண்ட தனிச் செருப்பு வேண்டும், இல்லையேல் காலுறையோடு மட்டும் வாசிக்கலாம். கீழே பார்க்காமல் முன்பாதத்தாலும் குதிகாலாலும் பாஸ் குரலை வாசிக்கப் பழகுவது மாதக்கணக்கில் ஆகும் வேலை. இடக்கை அதுவரை வாசித்த பாஸை விட்டுவிட்டு டெனருக்கு ஏற வேண்டியிருப்பதால், பியானோவில் நன்றாக வாசிப்பவர்களே இங்கு அதிகம் தவிக்கிறார்கள். நானும் அவ்வகையில் ஒருவன். ஆர்கனின் ஒலிவகைகளைத் திறந்து மூடும் ஸ்டாப்புகளைத் தெரிவு செய்வது பற்றி அவர் சிக்கனக்காரர். எட்டடி ஸ்டாப் எழுதிய சுருதியிலும், நாலடி ஸ்டாப் ஒரு ஸ்தாயி மேலும், பதினாறடி ஸ்டாப் ஒரு ஸ்தாயி கீழும் ஒலிக்கும். சபைப் பாட்டுக்கு எட்டும் நாலும் போதும், கடைசிச் சரணத்துக்கு மட்டும் மேலே சேர்க்கலாம், அடக்க ஆராதனையில் எட்டடிப் புல்லாங்குழல் ஸ்டாப் ஒன்றே என்பன அவர் ஏற்பாடுகள். ஆர்கன் என்றால் கட்டடம் அதிர வேண்டும் என்று எதிர்பார்த்து வருவோர் ஏமாறுவர்.

தேர்வுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெற்றோர் முதலில் கேட்பது அதைத்தான். டர்பனில் யூனிசா, லண்டனின் ஏபிஆர்எஸ்எம், ட்ரினிட்டி ஆகிய மூன்று அமைப்புகளின் கிரேடு தேர்வுகளும் எழுதப்படுகின்றன. ஆன்ட்டி எதையும் தடுப்பதில்லை, எதற்கும் அவசரப்படுத்துவதும் இல்லை. ஏபிஆர்எஸ்எம் செய்முறைத் தேர்வின் 150 மதிப்பெண்களில் மூன்று இசைத்துண்டுகளுக்கு 90, ஸ்கேல் எனப்படும் சுரவரிசைகளுக்கு 21, பார்த்து வாசித்தலுக்கு 21, செவிப்பயிற்சிக்கு 18. தேற 100 வேண்டும், மெரிட்டுக்கு 120, டிஸ்டிங்ஷனுக்கு 130. அவர் மாணவர்கள் பார்த்து வாசித்தலிலும் செவிப்பயிற்சியிலும் பிறர் திணறும் இடத்தில் எளிதாகத் தேறிவிடுகிறார்கள். ஸ்கேல் பகுதியில் நிலைமை நேர்மாறு. ஸ்கேல்களைத் தினமும் வாசிக்கவைக்கும் கண்டிப்பு அவரிடம் இல்லை. என் மகள் அங்கேதான் மதிப்பெண் இழந்தாள், வீட்டில் நாங்கள் தனியே பழக்க வேண்டியிருந்தது. அங்கு ஆறாம் கிரேடும் அதற்கு மேலும் எழுத ஐந்தாம் கிரேடு கோட்பாட்டுத் தேர்வோ அதற்கு இணையானதோ கட்டாயம் என்பதை அவர் முன்கூட்டியே நினைவூட்டிப் பாடம் நடத்துகிறார். அது நன்றாகவே நடக்கிறது. 2020இல் வந்த, காணொளியாகப் பதிந்து அனுப்பும் தேர்வு முறையை அவர் விரும்பவில்லை. திரும்பத் திரும்பப் பதிந்து நல்லதை அனுப்புவது அவருடைய “சபை வந்தாச்சு” விதிக்கு எதிரானது அல்லவா. கிராமப்புறத்து மாணவருக்கு அந்த முறை பெரும் உதவி என்பதால் இதில் அவரோடு எனக்கு உடன்பாடில்லை.

முன்பு என் மகள் படித்த ஒரு பயிற்சி மையத்தில் குளிர்சாதன அறை, புதிய எண்மப் பியானோக்கள், ஒவ்வொரு பிள்ளைக்கும் காதொலிக் கருவி எல்லாம் இருந்தன. 2023இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது அங்கு வகுப்புகள் அடிக்கடி ரத்தாயின. கட்டிய பணம் திரும்ப வரவில்லை. ஆன்ட்டி வீட்டிலும் விளக்கு அணைந்தது, வகுப்பு நின்றதில்லை. மேசைமேல் மின்கல விளக்கை வைத்துவிட்டு, வெளிச்சம் போதாத பிள்ளைகளை மனப்பாடமாக வாசிக்கச் சொல்வார். வீட்டில் பழக எண்மப் பியானோ வாங்குவதை அவர் எதிர்ப்பதில்லை; 88 கட்டைகளும் எடையுள்ள கட்டைகளாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார். எடையற்ற கட்டையில் பழகிய விரல் உண்மையான பியானோவில் ஒலியே எழுப்பாமல் நழுவுவதைப் பார்த்தவர்களுக்கு அதன் காரணம் விளங்கும்.

குறைகளை மறைக்க விரும்பவில்லை. சனிக்கிழமை பிற்பகல்களில் திருமணங்கள் இருப்பதால் வகுப்பு கிடையாது. ஈஸ்டருக்கு முந்திய பெரிய வாரத்திலும் கிறிஸ்துமஸை ஒட்டிய நாள்களிலும் கிடையாது. எதிர்பாராத அடக்க ஆராதனை வந்தால் வகுப்பு தள்ளிப்போவது அன்று காலையில்தான் தெரியவரும். அலுவலகத்தில் விடுப்புச் சொல்லிப் பிள்ளையை அழைத்துவரும் பெற்றோருக்கு இது எரிச்சலூட்டுவது இயல்பு. இணையவழி வகுப்பு இல்லை. திரைப்படப் பாட்டு, ஜாஸ் ஆகியவற்றுக்கு அவரிடம் இடமில்லை. கார்டு பெயர்களை மட்டும் பார்த்து வாசிக்கும் முறையையும் சொல்லித்தருவதில்லை. இன்றைய இளைஞர் ஆராதனைகளில் கித்தாரும் டிரம்ஸும் கொண்ட குழுவோடு கீபோர்டு வாசிக்க வேண்டியவர் அதை வேறிடத்தில்தான் கற்க வேண்டும். மூட்டுவலியால் விரல்கள் வீங்கியிருக்கும் நாள்களில் அவரால் வாசித்துக்காட்ட முடிவதில்லை, வாயால் பாடிக்காட்டுவார். சிறு பிள்ளைகளுக்குப் பார்த்துப் பழகுவதற்குக் கை வேண்டும் என்பதால், ஏழெட்டு வயதுக்குக் குறைந்தவர்களை அங்கு அனுப்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கட்டணம் அரைமணி நேரத்துக்கு 150 ராண்ட். ஆர்கன் வகுப்புக்கும் அதேதான். கடைத்தொகுதி மையங்கள் கேட்பதோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. ரொக்கம் மட்டும் வாங்குவார், பள்ளி நோட்டில் எழுதிக் கையெழுத்திட்டுத் தருவார். சபையில் தொடர்ந்து வாசிக்க ஒப்புக்கொள்ளும் ஆர்கன் மாணவரிடம் பணமே வாங்குவதில்லை. இப்படிப் படித்தவர்களில் சிலர் இன்று டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பகுதித் தேவாலயங்களில் வாசிக்கிறார்கள். அவர்களில் ஒருவர் வாசித்ததைக் கேட்ட பிறகே நான் ஆன்ட்டியைத் தேடிப் போனேன்.

இடம் மிகக் குறைவு. பள்ளி ஆண்டு தொடங்கும் ஜனவரியில்தான் புதியவர்களைச் சேர்க்கிறார். நவம்பரிலேயே சொல்லிவைப்பது நல்லது. தொலைபேசியில் கேட்டால் பெரும்பாலும் இடமில்லை என்ற பதிலே கிடைக்கும். சாட்ஸ்வொர்த்தின் தமிழ்ச் சபைகளில் விசாரித்து, ஞாயிறு ஆராதனை முடிந்தபின் நேரில் போய்க் கேட்பதே வழி. சேரும் பிள்ளையை அங்கேயே பாடச் சொல்லிக் கேட்பார். குரல் நன்றாக இருக்க வேண்டும் என்று பயப்படத் தேவையில்லை, மூச்சு எங்கே வாங்குகிறது என்பதைத்தான் பார்க்கிறார். முதல் வகுப்புக்கு ஐந்துகோட்டு நோட்டு ஒன்று, பென்சில் இரண்டு, அழிப்பான் ஒன்று கொண்டுபோக வேண்டும். நகம் வெட்டியிருக்க வேண்டும்; வெட்டாமல் போனால் நகவெட்டியை அவரே எடுத்துக் கொடுப்பார், அந்த நேரமும் அரைமணியில் கழியும்.